கடைசி வரியைப் பேசுங்கள்: திருச்சியில் ஒரு கார் பேரம், ஒரு நிகழ்வு ஆய்வு

லால்குடியில் இருக்கும் என் அக்காவும் அத்தானும் 2024 டிசம்பர் 14, சனிக்கிழமை, திருச்சியில் ஒரு கார் ஷோரூமுக்குப் போய்வந்தார்கள். அன்று இரவே அத்தான் வாட்ஸ்அப்பில் ஒரு கொட்டேஷனைப் படம் எடுத்து அனுப்பினார். கீழே ஒரு வரி: "மாப்ள, 45,000 தள்ளுபடி தராங்க. நாளைக்கே புக் பண்ணிடவா?"

வேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். நான் ஒரு வங்கியில் வாகனக் கடன் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவன். இப்படிப்பட்ட தாள்கள் தினமும் என் மேசைக்கு வரும். அதில் எல்லோரும் முதலில் பார்ப்பது தள்ளுபடி என்ற வரியைத்தான். மற்ற வரிகளை யாரும் வாய்விட்டுப் படித்துக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்த இரண்டு வாரத்தில் நடந்ததைக் கணக்கோடு இங்கே எழுதி வைக்கிறேன். ஷோரூமின் பெயரோ காரின் பெயரோ இதில் முக்கியமில்லை. நாலு மீட்டருக்குள் அடங்கும், 1,197 சிசி பெட்ரோல் கார் என்பது மட்டும் போதும்.

அந்தத் தாளில் இருந்தது இது:

எக்ஸ்-ஷோரூம் விலை (ஆயுட்கால வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேராதது): 10,18,000
ஆயுட்கால வரி: 1,83,240
பதிவுச் செலவு: 9,500
இன்சூரன்ஸ்: 52,800
ஹேண்ட்லிங்: 8,500
ஆக்சஸரீஸ் கிட்: 24,900
கூடுதல் வாரண்டி: 17,500
டெஃப்லான், அடிப்பாகக் கோட்டிங்: 9,000
டி.சி.எஸ் (டீலர் நம்மிடம் பிடித்துக் கட்டும் வருமான வரி): 10,180
ஃபாஸ்டேக்: 600

மொத்தம் 13,34,220. அதில் பணத் தள்ளுபடி 25,000, பழைய காரை அங்கேயே கொடுப்பதற்கான எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000 கழித்து 12,89,220. பழைய காருக்கு (2014 மாடல், 78,000 கிலோமீட்டர் ஓடியது) 1,60,000 தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எட்டு லட்சம் கடன், ஏழு வருடம், மாதம் 13,075.

அத்தான் ஷோரூமில் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்திலேயே மூன்று விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். தை பிறந்ததும் வண்டி வேண்டும். மாதம் 15,000 வரை கட்ட முடியும். பழைய வண்டியை இங்கேயே கொடுத்துவிடப் போகிறோம். மூன்றும் உண்மைதான், மறைக்க வேண்டிய ரகசியமும் இல்லை. ஆனால் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொன்ன பிறகு எதிரில் இருப்பவருக்குக் காரின் விலையைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இல்லை. மாதத் தவணை 15,000-க்குள் வந்தால் வேலை முடிந்தது. வருடத்தை நீட்டினால் தவணை தானாக இறங்கும்.

அதே எட்டு லட்சத்தை 9.5 சதவீதத்தில் ஐந்து வருடம் கட்டினால் மாதம் 16,801. ஏழு வருடம் என்றால் 13,075. மாதத்துக்கு 3,700 மிச்சம் போலத் தெரியும். மொத்த வட்டியைப் பாருங்கள்: ஐந்து வருடத்தில் சுமார் 2,08,000, ஏழு வருடத்தில் சுமார் 2,98,000. தொண்ணூறாயிரம் கூடுதல். அத்தான் மகிழ்ந்து போன தள்ளுபடியைப் போல இரண்டு மடங்கு, கடன் என்ற ஒரே வரியில் திரும்பிப் போய்விட்டது.

ஆகவே முதலில் பேரத்தை மூன்றாகப் பிரித்தோம். புது கார் தனி, பழைய கார் தனி, கடன் தனி. கடனை அத்தானுக்குச் சம்பளம் வரும் வங்கியிலேயே கேட்டுக்கொள்வது என்று முடிவானது. பழைய காரைப் பற்றி இனிமேல் ஷோரூமில் வாயே திறப்பதில்லை. இந்தப் பிரிவினையைச் செய்யாமல் பேரம் பேசினால், ஒரு கையில் கொடுத்ததை இன்னொரு கையில் எடுத்துக்கொள்வதை நம்மால் பார்க்கவே முடியாது.

பத்து லட்சம் என்ற கோடு

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் கார்களுக்கான ஆயுட்கால வரி மாறியது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி போல அந்தந்தப் படிக்கு மட்டும் அல்ல, விலை முழுவதற்கும் அந்த விகிதம். 10 லட்சத்தைத் தாண்டியதும் ஒரே அடியாக 5 சதவீதம் ஏறுகிறது. போதாததற்கு 10 லட்சத்துக்கு மேல் விற்றால் டீலர் 1 சதவீதம் டி.சி.எஸ் பிடிக்க வேண்டும் என்று 2016 முதல் விதி. அது செலவு இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் வாங்கும் நாளில் கையிலிருந்து போக வேண்டும்.

அத்தான் பார்த்திருந்தது உச்ச வேரியன்ட். அதற்கு ஒரு படி கீழே இருந்த வேரியன்ட் 9,62,000. இன்ஜின் ஒன்று, கியர் ஒன்று, ஏர்பேக் எண்ணிக்கையும் ஒன்று. மேலே உள்ளதில் சன்ரூஃப், பெரிய திரை, அலாய் சக்கரம் கூடுதல். விலை வித்தியாசம் 56,000 என்றுதான் ஷோரூமில் சொன்னார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் வரி? 10,18,000-க்கு 18 சதவீதம் 1,83,240. 9,62,000-க்கு 13 சதவீதம் 1,25,060. வரியில் மட்டும் 58,180 வித்தியாசம். விலையில் உள்ள வித்தியாசத்தைவிட வரியில் உள்ள வித்தியாசம் பெரிது! இரண்டும் சேர்ந்து 1,14,180.

இதை அக்காவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "திருச்சி வெயில்ல அந்தக் கூரை ஜன்னலைத் திறந்து வச்சு எங்கடா போகப்போறோம்?" என்றாள். வேரியன்ட் அன்றே மாறிவிட்டது. இந்த முழு நிகழ்விலும் பெரிய தொகை மிச்சமானது இந்த இடத்தில்தான், அதற்கு யாரிடமும் பேரம் பேச வேண்டியிருக்கவில்லை. பேரம் பேசப் போகும் முன்பே வரிப் படியைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

(2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுள்ள பெட்ரோல் கார்களுக்கு, செஸ் உட்பட 29 சதவீதமாக இருந்த வரி 18 சதவீத ஜி.எஸ்.டி ஆகிவிட்டது. அந்தக் கணக்கில் அதே 10,18,000 கார் சுமார் 9,31,000-க்கு வந்திருக்கும், அக்காவுக்குச் சன்ரூஃபும் கிடைத்திருக்கும். கோடு அதே இடத்தில்தான் இருக்கிறது, அதன் மேல் உட்காரும் கார்கள்தான் மாறியிருக்கின்றன.)

டீலரின் பக்கத்திலிருந்து பார்த்தால்

கார் கம்பெனி டீலருக்குக் காரைக் கடனாகத் தருவதில்லை. டீலர் வங்கியில் பணம் எடுத்து வாங்கி யார்டில் நிறுத்துகிறார். ஒன்பது லட்சம் போட்ட ஒரு காருக்கு வருடம் 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 247 ரூபாய் ஓடுகிறது. ஆறு மாதம் விற்காமல் நின்றால் 45,000. 2024 செப்டம்பர் முடிவில் நாடு முழுக்க டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்கான கார்கள் தேங்கிக் கிடப்பதாக டீலர்களின் கூட்டமைப்பான ஃபாடாவே அறிவித்திருந்தது. அவர்கள் ஒவ்வொரு மாதமும் வெளியிடும் அறிக்கையை வாங்குகிறவர்கள் படிக்க வேண்டும். யாருக்கு அவசரம் என்பது அதில் இருக்கிறது.

புது காரின் விலையில் டீலருக்கு நிற்பது கொஞ்சம்தான். இன்சூரன்ஸ், கடன், ஆக்சஸரீஸ், பழைய கார், பிறகு சர்வீஸ், இவற்றில்தான் கடை ஓடுகிறது. அதனால்தான் தள்ளுபடியை வாய் நிறையச் சொல்லிவிட்டு அந்த வரிகளில் திரும்ப எடுக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டால் எதிரில் இருக்கும் விற்பனைப் பையன் மேல் கோபம் வராது. எங்களிடம் பேசியவருக்கு 24 வயது இருக்கும். ஆக்சஸரீஸ் கிட் விற்றால்தான் அவருக்கு ஊக்கத்தொகை. கடைசி வரை அவரிடம் ஒரு வார்த்தை கூடக் குரல் உயர்த்திப் பேசக் கூடாது என்று அத்தானிடம் சொல்லியிருந்தேன், அவரும் அப்படியே நடந்துகொண்டார்.

இன்னும் இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்கினோம். திருச்சியில் அதே கம்பெனிக்கு இன்னொரு ஷோரூம் இருந்தது, ஆனால் பில் புத்தகத்தில் முதலாளி ஒருவரே. இரண்டு ஷோரூமும் ஒரே விலையைச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. வெவ்வேறு பெயர்ப்பலகை இருந்தாலும் ஜி.எஸ்.டி எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். உண்மையான போட்டி தஞ்சாவூரில்தான் கிடைத்தது. 55 கிலோமீட்டர் தூரம், வேறு முதலாளி.

வரி வரியாக

டிசம்பர் 21, சனிக்கிழமை, முதலில் பார்த்த ஷோரூமுக்கு நானும் கூடப் போனேன். அத்தான் தாளின் கடைசி வரியைப் பற்றிய ஒரே ஒரு கேள்வியோடு ஆரம்பித்தார்: "தம்பி, தள்ளுபடி எவ்வளவுன்னு எனக்கு வேண்டாம். எல்லாம் சேர்த்து வண்டி என் கைக்கு வர்றதுக்கு எவ்வளவு?"

ஹேண்ட்லிங் 8,500. தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்கு வண்டி வரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. "இது எதுக்குன்னு உங்க லெட்டர்ஹெட்ல எழுதித் தாங்க" என்று கேட்டோம். மேலாளர் உள்ளே போய்த் திரும்பி வந்து அந்தத் தொகையை அடித்துவிட்டார். பொருளோடு வேறு பொருளையோ சேவையையோ வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரைக் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை. அந்தச் சட்டத்தைப் பற்றி நாங்கள் அங்கே பேசவில்லை. எழுத்தில் கேட்பதே போதுமாக இருந்தது.

ஆக்சஸரீஸ் கிட் "எல்லா வண்டிக்கும் கம்பல்சரி சார், ஏற்கெனவே மாட்டியாச்சு" என்றார்கள். மாட்டாத வண்டி வரும் வரை காத்திருக்கிறோம் என்றோம். அப்புறம் மாட்டாத வண்டி ஒன்று யார்டில் இருப்பது தெரியவந்தது. தரைவிரிப்பும் மட்ஃபிளாப்பும் மட்டும் 3,800-க்கு வாங்கிக்கொண்டோம். டெஃப்லான் கோட்டிங் வேண்டாம். கூடுதல் வாரண்டியைக் கம்பெனி வாரண்டி முடிவதற்குள் பின்னாலும் எடுக்கலாம் என்று அந்தக் காரின் கையேட்டிலேயே இருந்தது, ஆகவே இப்போது வேண்டாம்.

பதிவுச் செலவு 9,500-க்கு விவரம் கேட்டோம். பதிவுக் கட்டணம் 600, ஸ்மார்ட் கார்டு 200, வண்டி மேல் வங்கிக் கடன் இருப்பதைப் பதிவில் குறிக்க 1,500. சாலைப் பாதுகாப்பு வரியும் சேவைக் கட்டணங்களும் சேர்த்தாலும் அவ்வளவு வரவில்லை. 5,200-க்கு இறங்கியது, ரசீதுகளைத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இன்சூரன்ஸுக்கு வருவோம். இங்கேதான் அதிக நேரம் ஆனது, ஆக வேண்டியதும்தான். புது காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும், 2018 செப்டம்பர் முதல் அப்படித்தான். 1,000 முதல் 1,500 சிசி வரை அதற்கான பிரீமியம் 10,640 என்று அரசு நிர்ணயித்திருந்தது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அதே தொகை. மாறுவது சொந்த சேதத்துக்கான பகுதியும் ஆட்-ஆன்களும்தான். டீலர் சொன்ன அதே காப்பீட்டுக் கம்பெனி, அதே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பணம் தருவது), அதே இன்ஜின் பாதுகாப்பு, கம்பெனியின் சொந்தத் தளத்தில் 36,900 காட்டியது. டீலர் இந்த வேரியன்ட்டுக்குச் சொன்னது 49,600.

"வெளியில எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்றார் இன்சூரன்ஸ் மேசையில் இருந்தவர். கேஷ்லெஸ் (ரிப்பேர் பில்லைக் காப்பீட்டுக் கம்பெனியே நேரடியாகக் கட்டுவது) கிடைப்பது அந்த ஒர்க்‌ஷாப் காப்பீட்டுக் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, பாலிசியை எங்கே வாங்கினோம் என்பதைப் பொறுத்தது அல்ல. அந்தப் பட்டியலைப் போனில் திறந்து காட்டினேன், அவர்களுடைய ஒர்க்‌ஷாப்பே அதில் இருந்தது. உடனே 35,200-க்கு ஒரு தாள் வந்தது. அத்தானுக்கு மகிழ்ச்சி. ஆனால் ஐ.டி.வி-யை, அதாவது வண்டிக்குக் காப்பீடு செய்த மதிப்பைப் பார்த்தால் 8,20,000! புது காருக்கு எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம், அதாவது 9,13,900 இருக்க வேண்டும். வண்டி திருடு போனாலோ முழுக்க நொறுங்கினாலோ கிடைக்கும் பணத்தைக் குறைத்து பிரீமியத்தைக் குறைத்திருந்தார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஹேண்ட்லிங் சார்ஜை ஏற்றி எழுதுவது ஒரு மாதிரி, ஒரு குடும்பத்தின் பாதுகாப்பைச் சத்தமில்லாமல் குறைப்பது வேறு மாதிரி. சரியான ஐ.டி.வி-யோடு 38,500-க்கு முடிந்தது. வெளியில் எடுத்திருந்தால் 1,600 குறைவு. கிளெய்ம் சமயத்தில் ஒரே இடத்தில் வேலை முடியட்டும் என்று அக்கா விரும்பியதால் அங்கேயே எடுத்தோம்.

மார்கழி

இந்தப் பேரத்தில் எங்கள் கையில் இருந்த பெரிய சீட்டு மார்கழிதான். மார்கழியில் வண்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவர அத்தானின் அம்மா சம்மதிக்க மாட்டார். டீலருக்கோ டிசம்பர் 31-க்குள் பில் போட்டால்தான் அந்த வருடக் கணக்கில் சேரும், ஜனவரியில் அதே வண்டி போன வருட மாடல் ஆகிவிடும். தை வரை காத்திருக்கப் போவதாக முதல் நாளே சொன்னதை இப்போது மாற்றிப் பேசினோம்: பில்லும் பதிவும் டிசம்பரிலேயே முடித்துக்கொள்ளுங்கள், வண்டியைத் தை பிறந்ததும் எடுத்துக்கொள்கிறோம், அதற்கு என்ன தருவீர்கள்?

இதில் எங்களுக்கும் இழப்பு உண்டு. இரண்டு வார இன்சூரன்ஸ் வீண், பணம் முழுவதும் முன்கூட்டியே போகிறது. அந்த நாட்களில் வண்டிக்கு எது நேர்ந்தாலும் டீலர் பொறுப்பு என்று எழுதி வாங்கினோம். 25,000 ஆக இருந்த பணத் தள்ளுபடி 32,000 ஆனது. ஆடி மாதத்திலும் இப்படி ஒரு வாய்ப்பு வரும். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரம் போனால் இப்படிப் பேசி இறக்குவது கடினம்.

முன்பணம் கொடுக்கும் முன் சேஸிஸ் எண்ணைக் கேட்டு, புறநகரில் இருந்த யார்டுக்குப் போய் வண்டியைப் பார்த்தோம். ஜூன் மாதம் தயாரான வண்டி. டயரில் 2224 என்று இருந்தது, 2024-ன் 22-வது வாரம். ஓடியது 48 கிலோமீட்டர். பேட்டரியைச் சோதித்து எழுதித் தரச் சொன்னோம். ஆறு மாதம் நின்ற வண்டி என்பதால் தள்ளுபடியை இன்னும் கொஞ்சம் ஏற்றியிருக்கலாம், ஆனால் வேரியன்ட்டும் நிறமும் அமைந்த ஒரே வண்டி அதுதான் என்பது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. அக்கா அந்த நிறத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

பழைய கார்

எங்கள் ஷோரூம் பேச்சு நடந்த அதே டிசம்பர் 21 அன்று ஜெய்சல்மரில் ஜி.எஸ்.டி கவுன்சில் கூடியது. பழைய கார்களுக்கு 18 சதவீத வரி என்று டிவியில் ஓடியது. திங்கட்கிழமை எக்ஸ்சேஞ்ச் மதிப்பீட்டாளர் போன் செய்தார்: "சார், ஜி.எஸ்.டி 18 ஆயிருச்சு, 1,60,000 தர முடியாது, 1,48,000 தான்."

அந்த வரி காரின் முழு விலைக்கு அல்ல. பழைய கார் வியாபாரம் செய்கிறவர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும். தனிநபர் தன் சொந்த காரை விற்றால் அது பொருந்தாது. சின்ன கார்களுக்கு ஏற்கெனவே 12 சதவீதம் இருந்தது, ஏறியது 6. வியாபாரி எங்கள் காரில் 40,000 லாபம் பார்க்கிறார் என்றே வைத்துக்கொண்டாலும் கூடுதல் வரி 2,400. அதற்கு 12,000 குறைத்தார். அறிவிக்கை வந்ததும் 2025 ஜனவரி 16-ல்தான். ஒரு செய்தியைப் பாதி கேட்டவர்களிடமிருந்து எத்தனை பேர் அந்த வாரத்தில் இப்படிக் குறைத்து வாங்கினார்களோ.

அத்தானின் அலுவலகத்தில் கூட வேலை செய்பவரின் உறவினர் 2,05,000-க்கு வாங்கிக்கொண்டார். எக்ஸ்சேஞ்ச் போனஸைச் சேர்த்தாலும் ஷோரூமில் 1,68,000 தான் வந்திருக்கும். ஆனால் நேரில் விற்பவர்கள் ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது: பெயர் மாற்றம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிட்டால், வண்டி பல கை மாறி விபத்தில் சிக்கினாலும் ஆர்.டி.ஓ பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டீலரிடம் கொடுப்பவர்களுக்கு 2023 ஏப்ரலிலிருந்து வேறு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால் பொறுப்பு அவருக்குப் போகும். அந்தப் படிவம் பற்றிக் கேட்டாலே பல இடங்களில் பேச்சின் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் விஷயத்தில் வாங்கியவரை அத்தானே ஆர்.டி.ஓ அலுவலகத்துக்கு அழைத்துப் போய் அந்த வாரமே முடித்தார்.

கடைசிக் கணக்கு

டிசம்பர் 28 அன்று கையெழுத்தான தாள்: 9,62,000, வரி 1,25,060, பதிவு 5,200, இன்சூரன்ஸ் 38,500, ஆக்சஸரீஸ் 3,800, ஃபாஸ்டேக் 600. தள்ளுபடி 32,000 போக 11,03,160. முதல் தாளோடு ஒப்பிட்டால் 1,86,060 குறைவு. அதில் 1,17,380 வேரியன்ட் மாறியதால் வந்தது (இன்சூரன்ஸில் இறங்கிய 3,200-ஐயும் சேர்த்து), 10,180 டி.சி.எஸ். பேசியும் வேண்டாததை விட்டும் குறைத்தது என்று நேர்மையாகச் சொல்லக்கூடியது 58,500. தள்ளுபடி என்ற வரியில் எங்களுக்குக் கிடைத்தது முதலில் சொன்ன 45,000-ஐவிட 13,000 குறைவு! தள்ளுபடியை மட்டும் பார்க்கும் ஒருவர் இந்தத் தாளை மோசமான பேரம் என்பார்.

கடன் ஐந்தரை லட்சத்தோடு நின்றது, ஐந்து வருடம்.

தை பிறந்த மறுநாள் அக்கா எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைக்க, அத்தான் வண்டியை மெதுவாக வெளியே எடுத்தார். அந்த விற்பனைப் பையன் ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு, "மேடம், எங்க அண்ணன் அடுத்த மாசம் வேற கம்பெனி வண்டி வாங்கப் போறான், நீங்க போட்ட அந்தக் கணக்குத் தாளை ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்று கேட்டார். அக்கா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.